ஹிஜ்ர் பள்ளத்தாக்கின் வாயிலில்

உம்ராவை நிறைவேற்றி மதீனா முனவ்வராவில் தங்கியிருந்தோம். அங்கே பணிபுரியும் மருமகன், "மாமா, ஒருநாள் அல்உலா போய் வரலாமே! அந்த மலைகளைப் பார்த்தால் சுப்ஹானல்லாஹ் என்பீர்கள்" என்றார். ஃபஜ்ரு தொழுததும் குடும்பத்தோடு காரில் புறப்பட்டோம்.

வடமேற்கே 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம். வழியில் கரிந்த எரிமலைக் கற்களும் மணல்வெளியும் கடந்தபின், இருமருங்கும் செம்மணற்பாறை மலைகள் நெருங்கி வந்தன. காற்றும் மழையும் செதுக்கிய பாறைகளுள் ஒன்று, தும்பிக்கையை நிலத்தில் ஊன்றிய யானையாகவே நிற்கின்றது. உயரம் 52 மீட்டர். பள்ளத்தாக்கில் பேரீச்சந் தோப்புகள். அருகே, மக்கள் விட்டகன்ற பழைய அல்உலாவின் மண்வீடுகள். நாவு தானாகவே தஸ்பீஹ் செய்தது.

அங்கிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் உள்ளது மதாயின் ஸாலிஹ் எனப்படும் அல்ஹிஜ்ர். 2008-இல் உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்ற இடம். அனுமதிச் சீட்டும் முன்பே வாங்கியாயிற்று. அப்போது பத்து வயதுப் பேரன் கேட்டான்:

"நன்னா, ரசூலுல்லாஹ் தலையை மூடிக்கொண்டு வேகமாகக் கடந்த இடம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? நாம் மட்டும் ஏன் பார்க்கப் போகிறோம்?"

காரில் பேச்சு நின்றது. ஹிஜ்ரி 9-இல் (கி.பி. 630) தபூக் செல்லும் வழியில், அழுதவர்களாகவன்றி அங்கு நுழைய வேண்டாமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களை எச்சரித்தார்கள். அவ்வூர்க் கிணற்று நீரில் பிசைந்த மாவையும் ஒட்டகங்களுக்கு இடச் சொன்னார்கள். அந்த ஹதீஸை முப்பது ஆண்டுகளாக மத்ரஸாவில் ஓதிக்கொடுத்தவர் நாம்.

இன்னொரு பிழையும் நம்முடையதே. அங்குள்ள குடைவரை முகப்புகளின் படத்தைக் காட்டி, ஸமூது கூட்டத்தாரின் வீடுகள் என்று மாணவருக்குச் சொல்லி வந்தோம். அவையோ நபதேயர் கி.மு. முதல் நூற்றாண்டிலும் கி.பி. முதல் நூற்றாண்டிலும் குடைந்த கல்லறைகள். ஸமூது அவர்களுக்கு முந்தியவர்கள். 'இது இன்னாருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது, விற்றால் சாபம்' என்ற கருத்தில் பல கல்லறைகளில் எழுத்துப் பொறித்து வைத்தார்களாம். இன்று உடையவருமில்லை, வாரிசுமில்லை. அதுவும் படிப்பினைதானே!

"தம்பி, அங்கே நுழையக் கண்ணீர் வேண்டும். நன்னாவின் கண்களோ வேடிக்கை பார்க்க வந்த கண்கள், வறண்டு கிடக்கின்றன" என்றோம். மருமகன் சற்று முகம் வாடினாலும், மறுபேச்சின்றி வண்டியைத் திருப்பினார்.

அன்றிரவு மஸ்ஜிதுந் நபவியில் இஷாவுக்குப்பின் அமர்ந்திருந்தபோது, அழைக்காமலே கண்ணீர் வந்தது. ஸமூதுக்காக அன்று, ஈரமில்லாமல் நாம் பாடம் நடத்திய முப்பது ஆண்டுகளுக்காக.

கல்வியைத் தந்த இறைவன், அதற்குரிய கண்ணீரையும் தந்தருள்வானாக!