இராகலையில் ஒரு சுங்குடிச் சேலை

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக இராகலைக்குச் செல்லும் பாதை அவசரக்காரர்களுக்கு உரியதன்று. இருமருங்கிலும் லீக்ஸும் கோவாவும் கரட்டும் விளையும் தோட்டங்கள் படிப்படியாக இறங்கி நிற்கின்றன. அவற்றைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் தேயிலை. சற்று முன் வெயிலில் பளபளத்த மலையை அடுத்த வளைவில் மூடுபனி மறைத்துவிடுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து இராகலை வரை குறுகிய இருப்புப்பாதை ஒன்று இருந்தது. அந்தச் சிறு ரயில் 1940களோடு ஓய்ந்தது. இன்று பஸ் வண்டியே துணை.

தீபாவளிக்கு முந்திய வாரம் அப்பாதையில் பயணம் செய்தேன். இராகலையை அடுத்த தோட்டமொன்றில் என் பெரியம்மா வசிக்கிறார். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். நான் போய்ச் சேர்ந்தபோது லயத்து இஸ்தோப்பில் பண்டிகைக் களை கட்டியிருந்தது. கட்டுநாயக்கா வர்த்தக வலயத்தில், ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவருடைய பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். பாட்டிக்கென்று தன் சம்பளத்தில் சேலையொன்றும் வாங்கி வந்திருந்தாள்.

“மதுரைச் சுங்குடி, அம்மாயி. கடைக்காரரே சொன்னாரு” என்று மகிழ்ச்சியோடு விரித்தாள்.

அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள், கடலை அளந்து வைத்தாற்போல் வரிசையாக நின்றன. பெரியம்மா சேலையை மடியில் வைத்துக் கட்டைவிரலால் தடவினார். பிறகு, “நல்லா இருக்கு புள்ள” என்றார். அவர் குரலில் ஏதோ ஒன்று குறைந்திருந்தது.

அன்றிரவு தேத்தண்ணீர் அருந்திக்கொண்டிருந்தபோது அவர் தம் டிரங்குப் பெட்டியைத் திறந்து பழஞ்சேலை ஒன்றை எடுத்தார். அதுவும் சுங்குடியே. 1950களில் என் பாட்டி ஊருக்குப் போய்த் திரும்பியபோது மதுரையில் வாங்கியது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிய காலம் அது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்த வழியும் அடைபட்டது. இம்மலைக் குளிருக்கு மெல்லிய பருத்திச் சேலை ஏற்றதன்று. ஆதலால் திருவிழா நாளில் மட்டுமே கட்டினார்களாம். சிவப்பு மங்கியிருந்தது. ஆனால் புள்ளிகள் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. ஒன்று சற்றே கோணல், ஒன்று சிறு வளையம்.

“தொட்டுப் பாருங்க தம்பி. ஒவ்வொண்ணும் ஒரு முடிச்சு” என்றார் பெரியம்மா.

சுங்குடியின் வரலாற்றை அறிந்தோர் அவ்வார்த்தையின் பொருளை உணர்வர். நாயக்கர் ஆட்சிக் காலத்தில் மதுரையில் குடியேறிய சௌராஷ்டிர மக்கள் வளர்த்த கலை அது. பெண்கள் வீட்டிலிருந்தபடியே, துணியை விரல்நுனியால் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக முடிச்சிடுவர். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். பின்னர் துணியைச் சாயத்தில் தோய்த்து உலர்த்தி முடிச்சை அவிழ்த்தால், சாயம் புகாத இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும், அதே புள்ளிகளை அச்சில் பதித்த துணிகள் அதே பெயரில் கடைகளில் குவிகின்றன. பல நாள் முடிச்சிட வேண்டிய சேலை, அச்சில் சிறிது நேரத்தில் உருவாகிவிடுகிறது. விலையில் அதனோடு முடிச்சிடும் பெண் எவ்வாறு போட்டியிட இயலும்?

அச்சுச் சேலையை நான் பழிக்கவில்லை. விலை மலிவு, ஏழையும் உடுத்தலாம். ஓர் அழகைக் கண்டு மற்றொருவர் அதைப் போலச் செய்வது உலகத்து இயல்பு. அச்சுச் சேலையை அச்சுச் சேலை என்றே விற்றால் குற்றமில்லை. முடிச்சிட்டவளின் உழைப்பை விட்டுவிட்டு, அவ்வுழைப்பால் வந்த பெயரை மட்டும் எடுத்துக்கொள்வதே குற்றம்.

பெயர் சொல்வதனால் என்ன பயன் என்று கேட்கலாம். 2025 ஜூனில் இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலான் நகரில் நடத்திய ஆடை அணிவகுப்பில், கோலாப்பூர்ச் செருப்பை ஒத்த காலணிகளைக் காட்டியது. எங்கிருந்து பெற்ற வடிவம் என்று சொல்லவில்லை. இந்தியாவில் கண்டனம் எழுந்த பின்னரே, அது இந்தியக் கைவினைஞரின் மரபிலிருந்து வந்தது என ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு முடிவதற்குள் மகாராஷ்டிர, கர்நாடகக் கைவினைஞர்களைக் கொண்டே அத்தகைய காலணிகளைச் செய்விக்க உடன்பாடும் ஏற்பட்டது. பெயர் வந்த இடத்துக்கு வேலையும் வந்தது.

இதைச் சொன்னபோது பேத்தி நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, “மாமா, என் வேலை என்னா தெரியுமா? சட்டைக் கழுத்துல கம்பெனிப் பெயர்ச்சீட்டு தைக்கிறது. ஒரு நூல் கோணினாலும் பிரிச்சுத் திரும்பத் தைக்கச் சொல்வாங்க” என்றாள்.

தம் பெயர் கோணாமல் இருக்க இத்தனை கவலை கொள்ளும் வணிக உலகம், பிறர் பெயரைப் பற்றி ஏன் கவலைப்படுவதில்லை?

மறுநாள் காலை ஜன்னலுக்கு வெளியே பெண்கள் படங்கு கட்டிக் கூடை சுமந்து மலையேறினர். அவர்கள் பறிக்கும் கொழுந்துக்கு ஒரு காவல் உண்டு. முழுவதும் இலங்கையில் விளைந்து, இங்கேயே பொதி செய்யப்பட்ட தேயிலைக்குத்தான் இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை கிடைக்கும். பறித்தவளின் பெயர் அதிலும் இல்லை. எனினும் நாட்டின் பெயராவது காக்கப்படுகிறது.

பிறர் நூலிலிருந்து எடுத்தெழுதினால் மூலத்தைக் குறிப்பிடுக என்று மாணவர்களுக்கு ஓயாது சொல்பவன் நான். துணிக்கடையில் ஒரு நாளும் அக்கேள்வியைக் கேட்டதில்லை என்பது இராகலையில்தான் எனக்கு உறைத்தது.

புறப்படும்போது பார்த்தேன். பெரியம்மா பேத்தி வாங்கித்தந்த புதுச் சேலையை உடுத்தி வாசலில் நின்றார். பேத்தியோ பழஞ்சேலையை மடியில் விரித்து, கைக்குட்டையின் நுனியைக் கிள்ளி நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். முதல் முடிச்சு நழுவியது. மீண்டும் சுற்றினாள்.

இனிப் பண்டிகைக்குத் துணி எடுக்கப் போகும்போது, விலையைக் கேட்குமுன் நாம் ஒரு கேள்வி கேட்போம்: “இது அச்சா, முடிச்சா?” விற்பவர் உண்மை சொல்லட்டும். எதை வாங்குவது என்பதைப் பிறகு நம் பணப்பை தீர்மானிக்கட்டும்.