சில்லறைப் பாக்கெட்டில் என்னதான் தேடுகிறேன்?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படித்தால் போதும்.

"சார், பேங்க்ல ரெண்டு ரூபா காயின் பாக்கெட்டா வாங்கிட்டுப் போறீங்களாமே, கடை கிடை வச்சிருக்கீங்களா?" என்று இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கடை எதுவும் இல்லை. நாற்பது வருஷம் பேப்பர் திருத்திய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இப்போது காசு திருத்திக்கொண்டிருக்கிறேன்.

வெளிநாடுகளில் வங்கியில் காசைக் காகிதத்தில் உருளையாகச் சுற்றித் தருவார்கள். அதை வாங்கிப் பிரித்துத் தேடுவது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. நம் ஊரில் உருளை கிடையாது, பாலிதீன் பாக்கெட்தான். நூறு காசு ஒரு பாக்கெட். இரண்டு ரூபாய் பாக்கெட் என்றால் இருநூறு ரூபாய் கட்டினால் கிடைக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய போர்வையை விரித்துக் கொட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, எடுத்த அளவுக்கு என் காசைப் போட்டு நிரப்பித் திருப்பிக் கட்டிவிடுவேன். செலவு என்று பார்த்தால் ஷேர் ஆட்டோவுக்குத்தான். கேஷ் கவுண்டரில் இருக்கும் பெண் முதலில் முறைத்தது. இப்போது புது மூட்டை வந்தால் அதுவே போன் பண்ணிச் சொல்கிறது.

என்ன பார்க்கிறேன் என்று சொல்கிறேன். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஒரு காசை எடுத்துக்கொண்டு படியுங்கள். வருஷம் போட்டிருக்கிறதா? அதற்குக் கீழே உற்றுப் பாருங்கள். சின்னதாக ஒரு வைர வடிவம் இருந்தால் அது மும்பையில் அடித்தது. ஐந்து முனை நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். ஒரு புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா. நான்கிலும் மூத்தது கொல்கத்தாதான், 1757-இல் தொடங்கியது. மூத்தவருக்கு அடையாளம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போல (இது என் விளக்கம், பரீட்சையில் எழுதிவிடாதீர்கள்). கடைசித் தம்பி நொய்டா, 1988-இல் வேலையைத் தொடங்கியது. ஒரே வருஷம், ஒரே மதிப்பு, ஒரே படம் என்றாலும் நான்கு ஊர்களில் அடித்திருந்தால் சேகரிப்பவனுக்கு அது நான்கு காசு.

நொய்டா புள்ளிக்காகவே நான் கண் டாக்டருக்கு நன்றி சொல்ல வேண்டும். வலது கண்ணில் புரை எடுப்பதற்கு முன்னால் அந்தப் புள்ளி எனக்கு அழுக்கா புள்ளியா என்றே தெரியாது, பேத்தியைக் கூப்பிட்டுத்தான் கேட்பேன். லென்ஸ் வைத்து ஒரு மாதம் கழித்துப் பாக்கெட்டைப் பிரித்தால் புள்ளி பட்டென்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் காட்டும் எழுத்து அட்டையைவிட எனக்கு அதுதான் சரியான பரிசோதனை.

இந்த நான்கு ஊரோடு முடியவில்லை. 1985 வாக்கில் நாட்டில் சில்லறைப் பஞ்சம். நம் சாலைகளால் ஈடுகொடுக்க முடியாமல் வெளிநாட்டில் கொடுத்து அடித்தார்கள். 1985 ஒரு ரூபாயில் 'எச்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பர்மிங்ஹாமில் ஹீட்டன் சாலையில் அடித்தது. வைரம் வருஷத்தின் நடுவில் இல்லாமல் முதல் இலக்கத்துக்குக் கீழே இருந்தால் அது மும்பை இல்லை, வேல்ஸ் நாட்டின் லான்ட்ரிசன்ட். 1990களின் கடைசியில் மறுபடியும் பஞ்சம். அப்போது மெக்சிகோவில் அடித்த ஒரு ரூபாயில் 'எம்' எழுத்தும் அதன் தலைமேல் சின்ன வட்டமும் இருக்கும். ஸ்லோவாக்கியாவின் கிரெம்னிகாவில் அடித்ததில் 'எம்.கே.' இருக்கும். மாஸ்கோவில் அடித்த ஐந்து ரூபாயில் ரஷ்ய எழுத்தில் 'எம்.எம்.டி.' என்று இருக்கும். இத்தனை தூரம் கடல் தாண்டி வந்த காசை நாம் பூக்காரம்மாவிடம் ஒரு முழத்துக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். எனக்கு மெக்சிகோ ஒரு ரூபாய் எங்கள் தெரு டீக்கடையில்தான் கிடைத்தது. அங்கேயே உட்கார்ந்து லென்ஸை வைத்துப் பார்த்ததில் டீ ஆறிப்போனது.

அடுத்தது காசின் தரம். வகை தேடுவதைவிட இது கஷ்டம். சாலையில் காசு அடித்து ஒன்றன்மேல் ஒன்றாக விழும்போதே கீறல் விழுந்துவிடும். பிறகு மூட்டையில் உரசல், லாரியில் குலுக்கல். அதனால் பிரிக்காத புதுப் பாக்கெட் என்றாலும் நூறில் இரண்டு மூன்றுதான் சுத்தமாகத் தேறும். சிலதில் அதுவும் இருக்காது. மேஜை விளக்கின் கீழ் காசை மெல்லச் சாய்க்க வேண்டும். கை படாத காசு என்றால் வெளிச்சம் வண்டிச் சக்கரத்தின் ஆரம் மாதிரி சுற்றி ஓடும். புழங்கிய காசில் அந்த ஓட்டம் இருக்காது. பிறகு சிங்கங்களைப் பாருங்கள். தேய்மானம் முதலில் தெரிவது மேடான இடத்தில், அதாவது பிடரி மயிரில். பிடரியில் கோடு கோடாகத் தெரிந்தால் நல்ல காசு, மொழுமொழுவென்று இருந்தால் ஊர் சுற்றிய காசு.

இன்னொன்றும் செய்து பாருங்கள். காசின் தலைப்பக்கத்தை நேராகப் பிடித்துக்கொண்டு, புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவதுபோல் பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்கமும் நேராக நிற்க வேண்டும். நம் காசுகளின் அமைப்பு அது. சாய்ந்து நின்றால், அடிக்கும்போது அச்சு திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். என் பெட்டியில் அப்படி இரண்டு ஒற்றை ரூபாய் இருக்கிறது. ஒன்றில் சிங்கம் படுத்துத் தூங்குவதுபோல் இருக்கும்.

தயவுசெய்து காசைத் தேய்க்காதீர்கள். நம் வீடுகளில் பித்தளை என்றால் புளி, வெள்ளி என்றால் விபூதி என்று கை தானாகப் போய்விடும். தேய்த்தால் பளபளக்கும், ஆனால் அச்சில் வந்த பளபளப்பு ஒரேயடியாகப் போய்விடும். திரும்ப வராது. மெத்தென்ற பிளாஸ்டிக் கவரில் போடுவதும் கூடாது. பி.வி.சி. நாளாக ஆக இளகி, காசில் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறும். நான் சின்னக் காகித உறையில் போட்டு மேலே பென்சிலால் எழுதி வைக்கிறேன். காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், ஜிலேபியைப் பிடிப்பதுபோல் பிடிக்கக் கூடாது. இதை என் பேரனிடம் சொல்லி இன்னும் பலன் இல்லை.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டால், கீரையால் வந்தது.

2017 என்று நினைவு. பத்து ரூபாய் காயின் செல்லாது என்று நம் பக்கம் ஒரு புரளி ஓடியது, உங்களுக்கும் தெரியும். பஸ்ஸில் வாங்க மாட்டார்கள், மளிகைக் கடையில் வாங்க மாட்டார்கள், பெட்ரோல் பங்கில் கையைக் காட்டி விரட்டுவார்கள். எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் பாட்டி ஒருநாள் வாசலில் உட்கார்ந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தது. நாற்பதுக்கு மேல் பத்து ரூபாய் காயின். "வாத்தியாரய்யா, இத வாங்குறவங்க யாரும் இல்ல. வாங்கலன்னா கீரைய வேணாம்னு போயிடறாங்க. நான் யார்கிட்ட கொடுக்கறது?" என்றது. மொத்த வியாபாரியும் வாங்க மறுத்ததால் இரண்டு நாள் சரக்கே எடுக்கவில்லையாம். நாலு கட்டுக் கீரையில் ஓடும் வாழ்க்கையில் இரண்டு நாள் என்பது சின்ன விஷயம் இல்லை.

நோட்டாக மாற்றிக் கொடுத்துவிட்டு அந்தக் காசுகளை மேஜையில் பரப்பினேன். அப்போதுதான் எனக்குச் சங்கதி புரிந்தது. மதிப்பு ஒன்று, உருவம் பல. ஒன்றில் ரூபாய்க் குறியீடு இல்லை, கதிர் எண்ணினால் பதினைந்து. இன்னொன்றில் குறியீடு இருக்கிறது, கதிர் பத்து. ஒன்றில் தலைவர் படம், ஒன்றில் வேறு ஏதோ விழா. "பத்து கதிர்தான் அசல், பதினைந்து கதிர் போலி" என்று வாட்ஸ்அப்பில் ஒரு நிபுணர் ஆராய்ச்சி செய்து அனுப்பியிருந்தார். காரணம் அவ்வளவு பெரிய மர்மம் இல்லை. ரூபாய்க் குறியீட்டை அரசு ஏற்றுக்கொண்டதே 2010 ஜூலை 15-இல்தான். வரைந்தவர் நம் தமிழர் உதயகுமார். 2011 முதல் காசில் அதைப் போட்டார்கள். அதற்கு முந்திய காசில் அது எப்படி இருக்கும்? 2018 ஜனவரி 17 அன்று ரிசர்வ் வங்கியும் பத்து ரூபாய் நாணயம் அதுவரை 14 வடிவங்களில் வந்திருக்கிறது, அத்தனையும் செல்லும் என்று அறிவித்தது. அந்த அறிவிப்பைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து எங்கள் கடைத்தெருவில் கடை கடையாகக் கொடுத்தேன். நாலைந்து கடைக்காரர்கள் என் மாணவர்கள். வாத்தியார் முகத்துக்காக வாங்க ஆரம்பித்தார்கள், பிறகு அதுவே பழகிவிட்டது. பாட்டியும் அந்தப் பேப்பர் ஒன்றை மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு, வாங்க மாட்டேன் என்பவரிடம் "படிச்சுப் பாருய்யா" என்று நீட்டியதாகக் கேள்வி.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2011 நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசுகளை ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய் வரை கொடுக்கலாம். ஐம்பது பைசா பத்து ரூபாய் வரை. ஆமாம், ஐம்பது பைசா இன்னும் செல்லும், வாங்குகிறவர்தான் இல்லை. நின்றுபோனது நாலணாவும் அதற்குக் கீழேயும், 2011 ஜூன் 30-ஓடு.

இனி, இந்தப் பதிவை எழுதவைத்த காரணத்துக்கு வருகிறேன்.

என்னிடம் படித்த ஒருவர், இப்போது ஆட்டோ ஓட்டுகிறார், பெயர் வேண்டாம். போன மாதம் இரவு ஒன்பது மணிக்குப் போன். "சார், என்கிட்ட வைஷ்ணோ தேவி அஞ்சு ரூபா காயின் இருக்கு. அஞ்சு லட்சம் தர்றாங்களாம். ரிஜிஸ்டர் பண்ண ரெண்டாயிரத்து ஐநூறு கட்டிட்டேன். இப்ப வரின்னு பதினெட்டாயிரம் கேக்கறாங்க. கட்டலாமா?" பெண்ணின் காலேஜ் பீஸுக்கு வைத்திருந்த பணம் அது. மறுநாள் காலையில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

போனில் சொன்னால் கேட்கிற நிலையில் அவர் இல்லை. ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறதாம். "உடனே வீட்டுக்கு வாப்பா" என்றேன். வந்தார். நான் ஒன்றும் பேசவில்லை. பெட்டியைத் திறந்து அதே வைஷ்ணோ தேவி ஐந்து ரூபாய் நான்கை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இதெல்லாம் எவ்வளவு சார்?" என்றார். "நாலும் சேர்ந்து இருபது ரூபாய். நல்ல தரத்தில் இருந்தால் சேகரிப்பவர் ஒருத்தர் கொஞ்சம் கூடக் கொடுப்பார். உனக்கு இருபது லட்சம் வேணும்னா நாலையும் எடுத்துக்கோ" என்றேன். கொஞ்ச நேரம் அந்தக் காசுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து அந்த எண்ணைத் தடுத்தார். பதினெட்டாயிரம் பிழைத்தது. 1930-க்கு அழைத்துப் புகாரும் கொடுத்தோம். முதலில் கட்டிய பணம் இன்னும் வரவில்லை.

அந்தக் காசு 2012-இல் கோயில் வாரியத்தின் வெள்ளிவிழாவுக்காக வந்தது, ஐந்திலும் பத்திலும். சாதாரணப் புழக்கத்துக்கு விட்டது. பழைய காசு, நோட்டை வாங்குவதாக ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணமும் வரியும் கேட்கிறார்கள், நம்பாதீர்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. காசை வாங்குகிறவர்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டும். உங்களிடம் முன்பணம் கேட்டால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள். யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், எனக்குத் தனியாக எழுதுங்கள். திட்ட மாட்டேன். அந்தக் காலத்திலும் தப்பாகப் போட்டவனைவிடப் போடாமல் விட்டவனைத்தானே அடித்தேன்.

"அப்போ உங்க காசெல்லாம் என்ன சார் மதிப்பு?" என்று அவர் போகும்போது கேட்டார். மொத்தத்தையும் விற்றால் நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு பந்திச் சாப்பாட்டுச் செலவுக்கு வரலாம். வீட்டுக்காரம்மா கணக்குப்படி அதுவும் வராது. ஆனால் 2010-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த ஐந்து ரூபாய் ஒன்று, சக்கரம் மாதிரி வெளிச்சம் ஓடும் தரத்தில், எங்கள் பால்காரர் கொடுத்த சில்லறையில் இருந்தது. அதை மட்டும் தர மாட்டேன்.

இப்போது என் பட்டியலில் விடுபட்டவை: 1985 ஒரு ரூபாயில் 'எச்', லான்ட்ரிசன்ட் இரண்டுமே இல்லை. பதினோரு பக்க இரண்டு ரூபாயில் நொய்டா சில வருஷங்கள் இல்லை. மாஸ்கோ ஐந்து ரூபாய் இருக்கிறது, ஆனால் சிங்கம் மொட்டை. யார் வீட்டிலாவது மண் உண்டியலை உடைத்தாலோ, சாமி அறை டப்பாவைக் கொட்டினாலோ, வருஷத்துக்குக் கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போட்டோ அனுப்புங்கள். தேய்க்காமல் அனுப்புங்கள். காசுக்குக் காசு கொடுத்துவிடுவேன். பத்து ரூபாய் காயினாகத்தான் கொடுப்பேன், மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.