டாங்கியும் பாதையும்

பெரும்பொருளைச் சிறிதாகச் செய்து பார்த்து மகிழ்தல் மக்கட்கு இயல்பான விருப்பமாகும். தேரோட்டம் கண்டு வீடு திரும்பும் சிறுவன், நுங்கு தின்ற கூந்தல்கள் இரண்டைக் குச்சியிற் கோத்து வண்டியாக்கித் தெருவெல்லாம் உருட்டுகின்றான். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களும் சிறுதேர் உருட்டுதலை ஆண்பாற் பிள்ளைக்குரிய பருவங்களுள் ஒன்றாக வகுத்து வைத்தனர். ஆதலின், கல்லூரியிற் பயிலும் யாம் ஓய்வு நேரத்தில் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சிறு டாங்கி ஒன்று செய்தோம் என்றால், அன்பர்கள் அதனைப் புதுமையென்று கருதமாட்டார்கள் என்று நம்புகின்றோம்.

டாங்கி என்னும் பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். 'டாங்க்' என்னும் ஆங்கிலச் சொல் நம் நாட்டில் நெடுங்காலமாகக் குளத்தையும் ஏரியையும் குறித்து வழங்கி வந்தது. முதலாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் இரும்பு வண்டிகளைக் கமுக்கமாகச் செய்யத் தொடங்கினர். செய்தி வெளியே கசியாதபடி அவற்றைத் தண்ணீர்த் தொட்டிகள் என்று சொல்லி வைத்தனர். 1916 செப்டம்பர் 15-ஆம் நாள் சோம் போர்க்களத்தில் அவை முதன்முதல் தோன்றியபொழுதும் அப்பெயரே நிலைத்துவிட்டது. குடிநீர்க் குளத்தால் பெயர் பெற்ற மாப்பிள்ளையூரணியில் இருந்துகொண்டு யாம் ஒரு டாங்கி செய்ய முற்பட்டது, இவ்வாற்றால், ஒரு வகையிற் பொருத்தமே.

பெட்டியைத் திறந்தால் டாங்கி காணப்படாது. பச்சை நிறமான சட்டங்கள் சிலவே காணப்படும். ஒவ்வொரு சட்டத்திலும் சக்கரம், கதவு, கொக்கி, விளக்கு முதலிய பகுதிகள், கொடியிற் காய்த்த காய்கள் போல, சிறு காம்புகளால் இணைந்திருக்கும். அவற்றை எண் பார்த்து வெட்டி, காம்பிருந்த தழும்பை உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டல் வேண்டும். ஒட்டுதற்குரிய திராவகம் சாதாரணப் பசை போன்றதன்று. இரு பகுதிகளின் விளிம்பையும் சிறிது கரைத்து, உலருங்கால் அவற்றை ஒரே பொருளாக இறுகச் செய்வது. எனவே ஒட்டியதைப் பிரித்தல் அரிது. ஒட்டுமுன் ஒருமுறை பொருத்திப் பார்க்கும் பொறுமையை இக்கலை முதற்பாடமாகக் கற்பிக்கின்றது.

இத்தகைய டாங்கிகள் பெரும்பாலும் உண்மையளவில் 35-இல் ஒரு பங்காக அமைகின்றன. இவ்வெண் வந்த வரலாறு சுவையுடையது. ஜப்பானில் ஷிசுவோகா நகரத்துத் தமியா கம்பெனியார், 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மானியப் பாந்தர் டாங்கியை ஓடும் மாதிரியாகச் செய்தனர். மோட்டாரும் மின்கலங்களும் உள்ளே அடங்கும்படி அதன் உடலை அமைத்தனர். பின்னர் உண்மை டாங்கியோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டபொழுது அது ஏறக்குறைய 35-இல் ஒரு பங்கென்று தெரிந்தது. மின்கலத்தின் பருமனாற் பிறந்த அளவை இன்று உலகமெங்கும் பலர் பின்பற்றுகின்றனர்.

யாம் தேர்ந்தது ஸ்டூவர்ட் என்னும் அமெரிக்க இலேசு டாங்கி. 37 மில்லிமீட்டர் பீரங்கியும் நால்வர் இருக்கையும் உடையது. இதனினும் பெரியனவும் அழகியனவும் பல இருக்க இதனைத் தேர்ந்தமைக்குக் காரணம் 1948-ஆம் ஆண்டின் சோஜிலாப் போரே. காஷ்மீரத்தையும் லடாக்கையும் இணைக்கும் அக்கணவாய் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அது பகைவர் கைப்படவே லே நகர்க்குச் செல்லும் தரைவழி அடைபட்டது. செப்டம்பர் மாதத்தில் காலாட்படையினர் முயன்றும் வழி திறக்கவில்லை. அப்பொழுது ஜெனரல் திம்மையா டாங்கிகளை மலைமேல் ஏற்றத் துணிந்தார். 7-ஆவது இலேசு குதிரைப்படையைச் சேர்ந்த ஸ்டூவர்ட் டாங்கிகள், கோபுரங்கள் கழற்றப்பட்டு, பிறர் அறியாவண்ணம் ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் வழியாகப் பால்தல் அடிவாரத்திற்குக் கொண்டு செல்லப்பட்டன. அங்கே மீண்டும் பூட்டப்பட்டன. நவம்பர் 1-ஆம் நாள் பனிக்கிடையே அவை கணவாயின்மேல் தோன்றின. டாங்கியை அங்கே எதிர்பாராத பகைவர் நிலைகுலைந்தனர். அம்மாதம் முடிவதற்குள் திராஸும் கார்கிலும் மீட்கப்பட்டன.

கழற்றியும் பூட்டியும் கொண்டு செல்லப்பட்ட டாங்கியை, கழன்று கிடக்கும் துண்டுகளிலிருந்து பூட்டுவது எமக்கு மிகவும் உவப்பாயிருந்தது. அளவுக் கணக்கும் வியப்பூட்டியது. டாங்கி ஒரு சாணுக்கும் குறைந்து 14 சென்டிமீட்டர் அளவில் முடிந்தது. அதனருகே நிற்கும் வீரன் 5 சென்டிமீட்டரும் நிரம்பான். ஆனால் எம் ஊர்க் கடல் மட்டத்திலிருந்து சோஜிலா வரையுள்ள உயரத்தை இதே அளவிற் குறைப்பின் 100 மீட்டர் வரும். சாண் அளவும் இல்லாத வண்டி 100 மீட்டர் ஏறிற்று என்று மனத்திற் கொண்டாலன்றி அச்செயலின் அருமை விளங்காது.

கார்த்திகை மழையில் வீட்டினுள் இருந்து ஒட்டும் வேலையை முடித்தோம். வண்ணம் பூசுதற்குக் கச்சான் காற்று வீசும் காலம் வரை காத்திருந்தோம். ஈரக்காற்றிற் பூசினால் மேற்பூச்சு வெளுத்து மங்கும். கச்சானோ உலர்ந்த காற்று. ஆயினும் தெருப்புழுதியை அள்ளி வருவது. எனவே சன்னலை அடைத்து, அதிகாலையிற் பூசினோம். உண்மை டாங்கிக்குரிய கரும்பச்சையை அப்படியே பூசின் சிறு உருவம் இருண்டு தோன்றும். சிறிது வெளிறச் செய்தாலே தொலைவிலிருந்து காணும் பெருவண்டியின் தோற்றம் அமையும்.

துருப்பற்றி நண்பரொருவருக்கும் எமக்கும் வாதம் உண்டாயிற்று. துருப்பிடித்ததாகக் காட்டுதற்கு இக்கலையில் ஒரு நல்ல உபாயம் உண்டு. முதலிற் காவி நிறம் பூசி, அது உலர்ந்தபின் நீர் தடவி, உப்புக்கல்லை ஆங்காங்கே தூவி, ஈரம் வற்றியபின் பச்சை பூசல் வேண்டும். பின்பு உப்பைத் தேய்த்து உதிர்த்தால், வண்ணம் பெயர்ந்து துரு வெளிப்பட்டது போலத் தோன்றும். உப்பு விளையும் ஊரில் இருந்துகொண்டு இதனை விடலாமா என்றார் நண்பர். உபாயம் நன்றே, எம் ஊருக்கு ஏற்றதும் ஆகும். இங்கே சன்னற் கம்பியும் சைக்கிளும் இரண்டாண்டில் துருவேறுகின்றன. ஆயினும் நாள்தோறும் துடைத்துப் பேணப்படும் படைவண்டிக்குத் தூத்துக்குடித் துருவைப் பூசுவது முறையாகாது. புகைபோக்கிக்கும் கம்பிவடத்திற்கும் மட்டும் அவ்வுபாயத்தைக் கையாண்டு, ஏனைய இடங்களிற் சேறும் பனியீரமும் காட்டினோம். அழகாகத் தோன்றுவது வேறு, உண்மையாக இருப்பது வேறு என்பதை நண்பரும் பின்னர் ஒப்புக்கொண்டார்.

இவ்வளவில் டாங்கி முடிந்ததென்று மேசைமேல் வைத்திருந்தோம். எம் பெரியப்பா நாற்பதாண்டு உப்பளத்தில் உழைத்தவர், எழுத்தறிவு குறைந்தவர். அவர் அதனைக் கையில் எடாமல், குனிந்து நெடுநேரம் நோக்கினார். சோஜிலாக் கதையையும் யாம் சொல்லக் கேட்டார். கேட்டு முடித்தபின், "எல்லாஞ் சரிதான், ஐயா. இம்புட்டுக் கனத்த வண்டி மலையில ஏறணும்னா பாத வேணும்லா? அந்தப் பாதய வெட்டுனது யாரு?" என்றார்.

பெரியப்பா அவ்வாறு வினவியதில் வியப்பில்லை. அளத்தில் வேலை செய்வோர் ஆண்டுதோறும் மழை ஓய்ந்தபின் வரப்புக் கட்டுவர். பாத்தியை மிதித்து இறுக்குவர். வண்டி செல்லத் தடம் அமைப்பர். அடுத்த மழை அவற்றைக் கரைக்கும். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களிற் பெய்த பெருமழையில் உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கி வரப்புகள் கரைந்தன. நீர் வடிந்தபின் அவற்றை மீண்டும் எடுத்துக் கட்டியவர்களுள் அவரும் ஒருவர். உப்பை உண்பார் உப்பை அறிவர், வரப்பை அறியார்.

அவருடைய வினாவுக்கு விடை வரலாற்றில் உண்டு. பால்தலிலிருந்து கணவாய் ஏறும் வழி அக்காலத்திற் கோவேறு கழுதைகள் செல்லும் தடமாகவே இருந்தது. அதனை வெட்டி அகலமாக்கி டாங்கி ஏறும் பாதையாக்கியவர் மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியியற் படையினர். 1780-ஆம் ஆண்டிற் தோன்றி, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட அப்படையில் தென்னாட்டவரே மிகுதி. இராணுவத்தில் அவர்களுக்கு வழங்கும் செல்லப்பெயர் 'தம்பி' என்பது. இதனைச் சொன்னபொழுது பெரியப்பா, "அப்போ நம்ம புள்ளைகதான்" என்று கூறிச் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

பெட்டியில் வந்த வீரர்கள் துப்பாக்கி ஏந்தியவர்கள். மண்வெட்டி ஏந்தியவன் ஒருவனும் இல்லை. ஆதலால் யாமே செய்யத் தொடங்கினோம். துப்பாக்கி வீரரின் கைகளை முழங்கையில் அறுத்து, எம்-சீல் மக்கினாற் புதிய கை பிடித்தோம். கம்பியாற் கடப்பாரையும், தகட்டால் மண்வெட்டியும் செய்தோம். உருவங்களின் நிலையைத் திருத்தித் தந்தவர் பெரியப்பாவே. அவர் கண்ணுக்கு அச்சிற்றுருவம் தெளிவாகத் தெரியாது. ஆகையால் முற்றத்தில் தாமே மண்வெட்டி பிடித்து நின்று காட்டினார். மண்ணை அள்ளுவோன் இடுப்பு எங்கே வளையும், முன்வைத்த காலில் எவ்வளவு பாரம் இறங்கும், கடப்பாரையை நெம்புவோன் தோள் எப்பக்கம் சாயும் என்பவற்றை அவர் உடம்பைப் பார்த்தே கற்றோம். எந்தப் படத்திலும் இத்துணைத் தெளிவு எமக்குக் கிடைத்ததில்லை.

தெர்மகோல் பலகையைச் செதுக்கி மலைச்சரிவாக்கினோம். கட்டட வேலைக்கு வந்த எம்-சாண்ட் மணலைச் சலித்து, பருக்கையைக் கல்லாகவும் பொடியைப் பாதையாகவும் இட்டோம். பனிக்கு உப்பைத் தூவலாமே என்று கேட்டவர் பலர். உப்பு கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசிந்து, செய்ததனைத்தையும் கெடுக்கும்; உப்பூரார் இதனை நன்கு அறிவர். ஆகையால் வெண்கோலமாவை வெள்ளைப் பசையிற் குழைத்துப் பனியாக்கினோம். அச்சரிவில் டாங்கி பின்னே நிற்கின்றது. தம்பிகள் மூவர் முன்னே பாதையின் விளிம்பைச் செப்பனிடுகின்றனர்.

போர்க்கருவியைப் பொம்மையாக்கி மகிழ்வது தகுமா என்று சான்றோர் வினவக்கூடும். தக்க வினாவே. டாங்கி ஒன்றையே செய்து நிறுத்தியிருப்போமாயின் எம்பால் விடையிராது. இப்பொழுது அதனைக் காண வருவோர் முதலிற் பீரங்கியை நோக்குகின்றனர்; அடுத்து, "இவர்கள் யார்?" என்று சுட்டிக் கேட்கின்றனர். பாதை வெட்டியவர் என்று பெரியப்பாவே அவர்களுக்கு விடை கூறுகின்றார்.

எம்மோடு பயிலும் அன்பர்களே! நீவிர் தோணியின் மாதிரி செய்யினும், பாலத்தின் மாதிரி செய்யினும், கல்லூரிக் கண்காட்சிக்கு வேறெதனைச் செய்யினும், அதனை இயங்கச் செய்த கைகளுக்கும் பலகையில் ஓர் இடம் ஒதுக்குமாறு வேண்டுகின்றோம். அவை பெட்டியிற் கிடைப்பதில்லை. உம் வீட்டிலும் தெருவிலும் உள்ள மூத்தோரைக் கேட்டால் அவற்றின் வடிவம் கிடைக்கும். கேட்கத்தக்க காலம் மிகுதியாக இல்லை.