ஜானவாசக் கோட்டும் உள்துணியும்: தென்சென்னைத் தையற்கடைகள்

தமிழ்நாட்டு ஆடவர் உடையைப் பற்றிப் பேசுவோர் அதை வேட்டிக்கும் பேண்டுக்கும் இடையிலான போட்டியாகச் சித்தரிப்பது வழக்கம். ஆனால் மயிலாப்பூர்ப் பகுதிக் கல்யாணங்களில் ஒரே மணமகன் 18 மணி நேரத்துக்குள் இரண்டையும் உடுத்துகிறான் என்பதும், இரண்டுமே கல்யாணத்தின் முறையான அங்கங்களாக ஏற்கப்பட்டுவிட்டன என்பதும் அந்தச் சித்திரத்தில் இடம்பெறுவதில்லை. முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை நடைபெறும் மாப்பிள்ளை அழைப்பில், அதாவது பிராமணக் குடும்பங்கள் ஜானவாசம் என்று குறிப்பிடும் ஊர்வலத்தில், மணமகன் கோட்டு சூட்டு அணிந்து வருகிறான். மறுநாள் காலையில் அவனே பஞ்சகச்சத்தில் மணையில் அமர்கிறான். அந்தக் கோட்டைத் தைத்துக் கொடுப்பது பெண் வீட்டாரின் பொறுப்பு என்பதால், பெண்ணின் அண்ணனோ மாமாவோ மாப்பிள்ளையைத் தையற்கடைக்கு அழைத்துச் சென்று அளவு கொடுக்கச் செய்கிறார். உடுத்துபவர் ஒருவர், பணம் கொடுப்பவர் வேறொருவர் என்ற இந்த நிலைமையைத் தையற்காரர்கள் நன்கு அறிந்தவர்கள். துணியின் விலை பேசப்படும்போது அவர்கள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை.

லஸ் முனையிலிருந்து கச்சேரி சாலை வழியாகவும் மாட வீதிகளை ஒட்டியும் நடந்தால், ஆடவருக்கான தையற்கடைகள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் இருப்பதைக் காணலாம்: முன்னால் ஒரு நீண்ட மேசை, அதன்மேல் கத்தரிக்கோலும் சாக்குக்கட்டியும் மர ஸ்கேலும், பின்புறத்திலோ மாடியிலோ மெஷின்கள். மேசைக்குப் பின்னால் நிற்பவர் கட்டிங் மாஸ்டர். அளவெடுப்பதும் துணியில் கோடு போடுவதும் வெட்டுவதும் அவருடைய வேலை. அவர் பொதுவாக மெஷினில் உட்காருவதில்லை. வெட்டிய துண்டுகளை இணைப்பவர்கள் டெய்லர்கள். இவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லாமல் உருப்படிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட் முறையில் கூலி வழங்கப்படுகிறது. கடைசிப் படியில் இருப்பவர் காஜா போடுபவர். காஜா என்பது பித்தான் நுழையும் துளையையும் அதன் விளிம்பில் நெருக்கமாக இடப்படும் தையலையும் சேர்த்துக் குறிக்கும் சொல். தொழிலுக்குப் புதிதாக வரும் பையன்கள் அதில்தான் கை பழகினார்கள். பித்தான் என்ற சொல்லே போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தது. ஆனால் தொழில் அயலாரோடு வந்ததன்று: புகார் நகரின் கைவினைஞரை வரிசைப்படுத்தும் சிலப்பதிகாரம் துணி தைப்போரைத் துன்னகாரர் என்று குறிப்பிட்டு, தோல் தைப்போரையும் அவர்களுக்கு அருகிலேயே நிறுத்துகிறது.

அளவு எடுக்கும் சடங்கு சுருக்கமானது. சட்டைக்கு உயரம், ஷோல்டர், கை, மார்பு, வயிறு, கழுத்து. பேண்டுக்கு நீளம், இடுப்பு, சீட்டு, தொடை, பாட்டம் ஆகியவற்றோடு, கால்கள் பிரியும் இடத்திலிருந்து இடுப்புப் பட்டி வரையிலான உயரத்தைக் குறிக்கும் கிராஸ். இந்த எண்கள் யாரும் எடுத்துவிடக்கூடியவை. மாஸ்டரின் கல்வி, எண்களாக எழுதப்படாத இரண்டு செய்திகளில் இருக்கிறது. முதலாவது, உடலின் கோணல்: பலருக்கு ஒரு தோள் மற்றதைவிடச் சற்று இறங்கியிருக்கும், சிலர் முன்னால் கூனி நிற்பார்கள், நடுவயதைக் கடந்தவர்களில் பலர் பேண்டைத் தொப்பைக்குக் கீழே அணிவார்கள். இரண்டாவது, லூஸ் எனப்படும் தளர்ச்சி, அதாவது உடலின் சுற்றளவுக்கும் உடையின் சுற்றளவுக்கும் இடையே விடப்படும் வித்தியாசம். "ஃபிட்டா வேணுமா சார், கொஞ்சம் லூஸ் விடட்டுமா?" என்ற கேள்வி வாடிக்கையாளரின் வயதை அறிவதற்கான நாசூக்கான வழி என்றும் கொள்ளலாம்.

கோட்டின் கூர்மை அதன் வெளித்துணியில் இல்லை. மார்புப் பகுதியில் வெளித்துணிக்கும் லைனிங்குக்கும் இடையே, பஞ்சு நூலோடும் கம்பளி நூலோடும் குதிரை அல்லது ஆட்டு மயிர் கலந்து நெய்த கான்வாஸ் என்ற விறைப்பான துணி வைக்கப்படுகிறது. மயிரின் துள்ளும் தன்மையே கோட்டின் முன்பக்கம் தொய்ந்து விழாமல் நிற்பதற்கும், மார்பில் மடியும் லேப்பல் ஒரு மென்மையான வளைவோடு திரும்புவதற்கும் காரணம். முறையாகச் செய்தால் கான்வாஸைக் கையால் நூற்றுக்கணக்கான சிறு தையல்களிட்டுப் பிணைக்க வேண்டும். முழுவதும் கைவேலையான ஒரு கோட்டுக்கு 50 மணி நேரம் வரை உழைப்பு தேவைப்படும். இதற்கு மாற்றாக வந்தது ஃபியூசிங், அதாவது பசை தடவிய ஒரு துணியைச் சூட்டினாலும் அழுத்தத்தாலும் வெளித்துணியில் ஒட்டிவிடும் முறை. அது சில நிமிட வேலை. ஆனால் வியர்வையும் டிரை கிளீனிங்கும் மாறி மாறிப் பட்டால் பசை விட்டு, மார்பில் அப்பளம் பொரிந்ததுபோல் கொப்புளங்கள் எழும். தென்சென்னையின் பெரும்பாலான ஜானவாசக் கோட்டுகள் ஃபியூசிங் கோட்டுகளே. ஒரு மாலையும் சில புகைப்படங்களும்தான் அவற்றின் ஆயுள் என்பதால் இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை.

மே மாதத்தில் பகல் வெப்பம் சராசரியாக 37 டிகிரியைத் தொடும், கடற்காற்று ஈரத்தைச் சேர்க்கும் ஒரு நகரத்தில் கோட்டு என்பதே ஒரு முரண். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத் தையற்காரர்கள் 1930-களில் இதே சிக்கலுக்கு வேறொரு விடை கண்டார்கள்: வின்செஞ்சோ அத்தோலினி போன்றோர் லண்டன் கோட்டின் தோள் பஞ்சையும் பெரும்பகுதி லைனிங்கையும் நீக்கி, சட்டையைப்போல் தோளில் சுருங்கி இறங்கும் கையை இணைத்தார்கள். சென்னை அந்த வழியில் செல்லவில்லை. இங்கே கோட்டைக் காப்பாற்றியவை மண்டபங்களின் குளிரூட்டிகள். இந்த நகரம் கோட்டை எளிதாக்கவும் இல்லை, கைவிடவும் இல்லை, குளிரூட்டிய அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டது என்று சொல்லலாம்.

வெயிலுக்கேற்ற சமரசம் ஒன்று முன்பே இருந்தது என்பதற்கு மயிலாப்பூர் வழக்கறிஞர்களின் பழைய புகைப்படங்கள் சான்று. தலைப்பாகை, மூடிய கழுத்துள்ள நீண்ட கோட்டு, கீழே பஞ்சகச்சம், காலில் ஷூ: இடுப்புக்கு மேல் ஒரு சட்டம், கீழே வேறொரு சட்டம். இன்றைய பார் கவுன்சில் விதிகளும் ஆண் வழக்கறிஞருக்குக் கறுப்புக் கோட்டையும் வெள்ளைக் கழுத்துப் பட்டியையும் வலியுறுத்தும் அதே வேளையில், கீழே பேண்டோ வேட்டியோ அணியலாம் என்றும் ஜீன்ஸ் கூடாது என்றும் வகுத்துள்ளன. இந்த அனுமதியை இன்று பயன்படுத்துவோர் மிகச் சிலரே. உடையாலேயே அடையாளம் பெற்ற இன்னொருவர், தியாகராய நகரின் பெயருக்கு உரியவரான பிட்டி தியாகராயர்; அவர் வெள்ளுடை வேந்தர் என்றே அழைக்கப்பட்டார். 1920-களில் மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து எழுப்பப்பட்ட அந்தக் குடியிருப்பு, ஒரே நிறத்தில் உடுத்திய ஒருவரின் பெயரைத் தாங்கிக்கொண்டு, இன்று எல்லா நிறத் துணிகளும் குவியும் சந்தையாக இருப்பது வேடிக்கைதான்.

பனகல் பூங்காவிலிருந்து உஸ்மான் சாலை, ரங்கநாதன் தெரு வழியாக மாம்பலம் ரயில் நிலையம் வரை பரவியுள்ள இந்தச் சந்தையில்தான் ஆடவர் தையற்கலையின் இன்றைய நிலை தெளிவாகத் தெரிகிறது. இங்கே புதிதாகத் தைப்பவர்கள் குறைவு, திருத்துபவர்கள் அதிகம். ஆல்ட்ரேஷன் என்று எழுதிய ஒரு தகரப் பலகை, ஒரு மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, பல வண்ண நூற்கண்டுகள் செருகிய ஆணிப் பலகை ஆகிய இவ்வளவே முதலீடு. மாடிப்படியின் அடியிலும், பெரிய ஜவுளிக்கடைகளின் பக்கவாட்டுச் சந்துகளிலும், அக்கடைகளின் உள்ளேயே ஒரு மூலையிலும் இவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். இவர்களில் சிலர் முன்பு சொந்தமாகக் கடை வைத்து வெட்டிய மாஸ்டர்கள். முழு உடையையும் தீர்மானித்த கை, இப்போது எங்கோ ஓர் ஆலையில் எடுக்கப்பட்ட தீர்மானத்தை அரை அங்குலம் அரை அங்குலமாகத் திருத்துகிறது.

திருத்துவது எளிய வேலை என்ற எண்ணம் தவறானது. தையற்காரர் தைத்த பழைய பேண்டின் பின்நடுத் தையலைப் பிரித்தால் உள்ளே இருபுறமும் ஓர் அங்குலத்துக்கு மேல் மடித்து விடப்பட்ட துணி இருக்கும், இதுவே உள்துணி. அணிபவர் பெருத்தால் பிரித்துவிடலாம், இளைத்தால் பிடித்துவிடலாம், தம்பிக்குக் கொடுத்தால் மறுபடி மாற்றலாம் என்ற கணக்கில் விடப்பட்டது அது. ஆலையில் ஆயிரக்கணக்கான உருப்படிகளை ஒன்றாக வெட்டும்போது ஒவ்வொன்றிலும் மிச்சமாகும் அரை அங்குலம் சேர்ந்து பெரிய இலாபமாகிவிடுவதால், ரெடிமேட் உடையில் உள்துணி மிகக் குறைவு. ஆகவே ஆல்ட்ரேஷன்காரர் முதலில் செய்வது உடையைப் புரட்டி உள்ளே பார்ப்பது. "உள்ள துணியே விடல தம்பி, பிடிக்கலாம், பிரிக்க முடியாது" என்பது அங்கே அடிக்கடி கேட்கும் தீர்ப்பு. பிடிப்பது என்றால் சிறிதாக்குவது, பிரிப்பது என்றால் பெரிதாக்குவது.

இன்னும் நுட்பமான எல்லைகளும் உண்டு. பேண்டின் இடுப்பையும் நீளத்தையும் மாற்றலாம், சட்டையின் பக்கவாட்டைக் குறைக்கலாம். தோள் அகலத்தைத் தொட்டால் காலரும் கையும் சேர்ந்து கலையும் என்பதால் விவரமறிந்தவர்கள் அதற்கு ஒப்புவதில்லை. கோட்டின் கை நீளமாக இருந்து, மணிக்கட்டில் உண்மையான காஜாக்கள் வெட்டப்பட்டிருந்தால், கீழிருந்து குறைக்க இயலாது. கையையே தோளில் பிரித்து மேலிருந்து குறைத்து மீண்டும் பொருத்த வேண்டும். ஜீன்ஸின் நீளத்தைக் குறைக்கும்போது வெளுத்துப்போன பழைய கீழ்மடிப்பைத் தனியாக வெட்டி எடுத்து, குறைத்த காலில் மறுபடி இணைத்து, குறைத்த சுவடே தெரியாமல் செய்கிறார்கள். இந்த வேலைக்குக் கிடைக்கும் கூலி அந்த ஜீன்ஸின் விலையில் மிகச் சிறு பங்கு. காத்திருக்கும் வாடிக்கையாளர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே "அண்ணே, பத்து நிமிஷத்துல ஆயிடுமா?" என்று கேட்பதில் அவசரம் மட்டும் இல்லை, இது கற்றுத் தேர்ந்த வேலை என்பதே அவருக்குத் தெரியாது என்பதும் இருக்கிறது.

அடுக்காக உடுத்துவது குளிர்நாட்டு வழக்கம் என்று கருதப்படுகிறது. ஆனால் சென்னை ஆணின் உடையிலும் அடுக்குகள் உண்டு; அவை குளிரைத் தடுப்பதற்கானவை அல்ல. அடியில் உள்ள பனியன் வியர்வையை உறிஞ்சிச் சட்டையைக் காக்கிறது. மேலே உள்ள அங்கவஸ்திரம் அல்லது துண்டு அணிபவரின் நிலையை அறிவிக்கிறது. பத்தாறு என்று கடைகளில் கேட்டு வாங்கப்படும் இணை பத்து முழ வேட்டியையும் ஆறு முழ அங்கவஸ்திரத்தையும் குறிக்கும். முழம் என்பது ஏறத்தாழ ஒன்றரை அடி. தோளில் துண்டு போடும் உரிமை எல்லோருக்கும் ஒரேபோல் இருந்ததில்லை. பெரிய மனிதர் முன்னால் அதை இடுப்பில் இறக்கிக் கட்ட வேண்டியிருந்தவர்கள் உண்டு. நாகசுரக் கலைஞர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வைத்து, ஷெர்வானி அணிந்து மேடை ஏறியதை வெறும் நாகரிக மோகமாகப் பார்ப்பவர்கள் இந்தப் பின்னணியை மறந்துவிடுகிறார்கள். வேட்டிக்கும் இதன் தலைகீழான அனுபவம் நேர்ந்தது: 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வேட்டி அணிந்திருந்த காரணத்தால் நகரின் மன்றம் ஒன்றில் அனுமதி மறுக்கப்பட, அடுத்த மாதமே அத்தகைய தடைகளை நீக்கும் சட்டம் பேரவையில் நிறைவேறியது.

அடையாற்றில் உடையைவிட அதன் துணைப் பொருட்களே கவனத்துக்குரியவை. சர்தார் படேல் சாலையில் 1948-ல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதால் மட்டும் அன்று. ஆவாரம்பட்டையால் தோலைப் பதனிட்டுக் கடுக்காயால் நிறைவு செய்யும் முறை தமிழ்நாட்டில் வழக்கில் உள்ளது என்பதாலும்தான். பட்டையில் பதனிடப் பல வாரங்கள் ஆகும். குரோமிய உப்பில் ஓரிரு நாட்களில் முடியும். முன்னது வியர்வையிலும் கைபடுவதிலும் கறுத்துப் பழகிவரும். நடைபாதையில் தோல் பெல்ட் என்று விற்கப்படுபவற்றில் பலவும் தோலின் அடிப்பிளவின் மீது பிளாஸ்டிக் பூசியவை. ஒரு கோடையிலேயே உரியும். கறாராகப் பார்த்தால், இடுப்பளவு சரியாக வெட்டப்பட்ட பேண்டுக்குப் பெல்ட் தேவையே இல்லை. பேருந்து நிறுத்தத்தருகே அமர்ந்து பெல்ட்டுக்கு மேலும் ஒரு துளை போட்டுக் கொடுக்கும் செருப்புத் தொழிலாளியும், ஒருவகையில், ஆலை விட்ட பிழையைத் திருத்துபவரே.

மயிலாப்பூர்க் கடைகளில் இன்னும் அளவுப் புத்தகம் உண்டு. நீளவாக்கில் கோடிட்ட கணக்கு நோட்டில் வாடிக்கையாளரின் எண்களும், "இடது தோள் இறக்கம்", "வயிறு லூஸ்" என்பன போன்ற சுருக்கக் குறிப்புகளும் இருக்கும். டிசம்பர் இசை விழாவுக்கு வெளிநாடுகளிலிருந்து வருவோர் சபாக்களுக்கு அணிய ஜிப்பா தைக்கக் கொடுக்கும் வாரங்களில் இந்தப் புத்தகங்கள் அதிகம் புரட்டப்படுகின்றன. ஜிப்பா நேர்த்துண்டுகளால் ஆனது, அளவு அவ்வளவாகத் தேவைப்படாதது. இருந்தும் மாஸ்டர் டேப்பை எடுக்கிறார்; பழைய பக்கத்தில் மார்புக்கும் வயிற்றுக்கும் எதிரே உள்ள எண்களைக் கோடிட்டு அடித்துவிட்டு, பக்கத்திலேயே புதியதை எழுதுகிறார்.