செல்லாதீர் என்ற சொல் உடையக்கூடாது

நவம்பர் 26, 2024, செவ்வாய், கருங்கல்

குறும்பனையில் கடலுக்குப் போகும் மாமாவும் அவர் கூட்டாளிகளும் இன்னும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார்கள். கடல் எச்சரிக்கையைத் தமிழிலேயே எஸ்எம்எஸ்ஸாக அனுப்பும் நிரலை இன்று தொடங்கினேன். ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலமானால் 160 எழுத்து பிடிக்கும். தமிழானால் 70 குறிதான். நீளமான செய்தியைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தலையிலும் ‘1/3’ என்று எண் போட வேண்டும். அதற்கும் ஓர் இடைவெளிக்கும் 4 போக, மிச்சம் 66.

நவம்பர் 27, புதன்

66, 66 ஆக வெட்டுவது பைத்தானில் ஒரு வரி வேலை. ஆனால் அது எண்ணுவது யூனிகோட் குறிகளை. ‘கருங்கல்’ நமக்கு 5 எழுத்து. பைத்தானுக்கு 8 குறி. உகரக் குறியும் இரண்டு புள்ளிகளும் தனிக் கணக்கு. நான்கு நான்காக வெட்டினால் முதல் துண்டு ‘கருங’. ங்-இன் புள்ளி அடுத்த துண்டின் தலையில் அநாதையாக நிற்கிறது.

நவம்பர் 28, வியாழன்

‘கடலுக்குச் செல்லாதீர்’ என்பதைத் துணைக்காலுக்கு முன்னால் வெட்டிப் பார்த்தேன். முதல் துண்டு ‘கடலுக்குச் செல்ல’ என்று முடிகிறது. அடுத்த செய்தி வரப் பிந்தினால் தடை எங்கே? நெஞ்சு பதறுகிறது.

நவம்பர் 29, வெள்ளி

பைத்தானுக்கான ரீஜெக்ஸ் தொகுப்பு, யூனிகோட் விதிப்படி உயிர்க்குறியையும் புள்ளியையும் தாய் எழுத்தோடு சேர்த்தே பிரிக்கிறது. ‘க்ஷ’ போன்ற கூட்டெழுத்து மட்டும் ‘க்’, ‘ஷ’ என்று இரண்டாகிறது. ஆனால் எழுத்தைக் காப்பாற்றினால் போதாது. ‘செல்’, ‘லாதீர்’ என்று வெட்டு விழுந்தால் எல்லா எழுத்தும் முழுசு. செய்தியோ ‘கடலுக்குச் செல்’ என்று ஏவுகிறது!

நவம்பர் 30, சனி

ஒக்கி புயல் அடித்து இன்றோடு ஏழு ஆண்டு. இந்தக் கரையில் அந்த நாளை மறந்த வீடு இல்லை.

நிரலை மாற்றி எழுதிவிட்டேன். சொற்களை ஒவ்வொன்றாக அடுக்கும். அடுத்த சொல் சேர்ந்தால் 66 தாண்டும் என்றால் புதுத் துண்டு. ஒரு சொல்லே 66-ஐத் தாண்டினால் மட்டும் எழுத்தின் எல்லையில் வெட்டும். துண்டுகள் ஒரே நீளமாக வராது; வர வேண்டியதும் இல்லை. அளவு போனின் கணக்கு, வெட்டும் இடம் படிப்பவரின் கணக்கு.

மாமாவிடம் காட்டினேன். “மக்கா, மொதல்ல போவாதண்ணு சொல்லு. காரணத்தப் பொறவு சொல்லலாம்” என்றார். எந்த நிரலும் தராத விதி அது. இனி ஒவ்வொரு எச்சரிக்கையும் ‘கடலுக்குச் செல்லாதீர்’ என்றே தொடங்கும். காற்றின் வேகமும் திசையும் அடுத்தடுத்த துண்டுகளில் வரும்.