தட்டிப் பார்த்து வாங்குவது

மண்பானை வாங்கப் போனால் அம்மா விரலை மடக்கி ஒரு தட்டு தட்டுவாங்க. 'ணங்'னு கேட்டால் சரி. 'டொக்'னு கேட்டால், "விரிசல் விட்டிருக்குப்பா, வேற குடு". கண்ணுக்கு ஒரு கீறலும் தெரியாது. கடைக்காரரும் மறுபேச்சு பேசாமல் வேற எடுத்துக் குடுப்பார்.

பாலத்தையும் இப்படிச் சோதிக்கலாம். எந்தக் கட்டுமானத்துக்கும் தனக்கே உரிய அதிர்வெண்கள் உண்டு. விரிசல் விட்டால் விறைப்பு குறையும், அதிர்வெண் இறங்கும். கேக்க சுலபமாத்தான் இருக்கு :-)

சுவிட்சர்லாந்தில் இசட்24 என்று ஒரு கான்கிரீட் பாலம். ஏ1 நெடுஞ்சாலைக்கு மேலே, கோப்பிகன், உட்சன்ஸ்டார்ஃப் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவில் இருந்தது. புது ரயில் பாதைக்காக இடிக்க முடிவு பண்ணினாங்க. இடிக்கப்போற பாலம் கிடைச்சா ஆராய்ச்சியாளர்கள் சும்மா விடுவாங்களா? 1997 நவம்பரிலிருந்து ஏறக்குறைய ஒரு வருஷம் அதிர்வையும் வெப்பநிலையையும் பதிவு செஞ்சாங்க. 1998-இல் கடைசியா வேணும்னே சேதப்படுத்தினாங்க. ஒரு தூணைப் படிப்படியா 95 மி.மீ. வரைக்கும் கீழே இறக்கினாங்க. உள்ளே இழுத்துக் கட்டியிருந்த கம்பிகளைக்கூட அறுத்தாங்க.

தூணை இறக்கியதில் அதிர்வெண் குறைஞ்சது சில சதவீதம்தான். ஆனா யாரும் கை வைக்காத மாசங்களிலேயே அது 10 சதவீதத்துக்கு மேல ஏறி இறங்கியிருந்தது! காரணம் குளிர். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனால் மேலே போட்டிருக்கிற தார் இறுகிப் பாலமே விறைச்சுக்கும். வெப்பநிலையைக் கழிக்காமல் பார்த்தால், குளிர்காலத்தில் நல்லா இருந்த பாலம் வசந்தத்தில் உடைஞ்ச மாதிரி தெரியும். உண்மையிலேயே உடைஞ்சது குளிருக்குள்ளே ஒளிஞ்சுக்கும். எனக்குப் பயமா இருக்கிறது இந்த இரண்டாவதுதான்.

சரி, சேதம் இருக்குன்னு தெரிஞ்சாச்சு. எங்கே? சமச்சீரான பாலத்தில் இடப்பக்கம் அடிபட்டாலும் வலப்பக்கம் அடிபட்டாலும் அதிர்வெண் ஒரே அளவுதான் குறையும். அதனால பாலம் எந்த வடிவத்தில் வளைஞ்சு ஆடுதுங்கிறதையும் அளக்கணும். அப்புறம் கணினியில் பாலத்தைத் துண்டு துண்டா மாதிரியாக்கி, ஒவ்வொரு துண்டின் விறைப்பையும் கூட்டிக் குறைச்சு, கணக்கும் அளவும் பொருந்துற வரைக்கும் திருத்திக்கிட்டே போகணும். பொருத்தம் வந்ததும் எந்தத் துண்டில் விறைப்பு குறைஞ்சிருக்கோ, அங்கேதான் அடி. இதில் ஒரு வம்பு உண்டு. நூறு திருகாணி குடுத்தா எதையும் எதோடயும் பொருத்திடலாம்! அதனால பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்துக்காரங்க மாத்தக்கூடிய எண்களைக் குறைவா வச்சுக்கிட்டாங்க. அவங்க மாதிரி விறைப்பு குறைஞ்சதா காட்டிய இடம், இறக்கின தூணுக்கு மேலேயே.

அம்மா ஒரு பானையை மட்டும் தட்டமாட்டாங்க. பக்கத்தில் இருக்கிற நாலையும் தட்டித்தான் முடிவு பண்ணுவாங்க. பாலத்துக்குப் பக்கத்துப் பானை கிடையாது. நல்லா இருந்த காலத்தில் அதுவே போட்ட சத்தம்தான் ஒப்பிட இருக்கு. இசட்24-க்கு அந்த ஒரு வருஷப் பதிவு இருந்தது. பழைய பாலங்கள் பலதுக்கும் அது இல்லை.

1998 கடைசியில் அதை இடிச்சுட்டாங்க. இந்தத் துறையில் புது முறை கண்டுபிடிக்கிறவங்க பலர் அதை இன்னமும் அந்தப் பாலத்தோட பதிவுகளில் ஓட்டிப் பார்க்கிறாங்க.