இன்னொருவர் சீட்டில் செய்த துப்பாக்கி

கொஞ்சம் நீளமான இழை மக்களே. இன்னைக்கு சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் எதுவும் இல்லை. பழைய ரிவால்வர்கள் பற்றிப் பேசப் போகிறேன். அதிலும், வாங்கியவர் தன் கைக்கும் தன் பயத்துக்கும் ஏற்ற மாதிரி மாற்றி வாங்கிய ரிவால்வர்கள்.

"டாக்டருக்கு எதுக்குங்க துப்பாக்கி?"

நியாயமான கேள்வி. என்னிடம் துப்பாக்கியும் கிடையாது, லைசென்ஸும் கிடையாது. நைட் டியூட்டி முடிந்து தூக்கம் வராத நேரங்களில் அமெரிக்க ஏல நிறுவனங்களின் கேட்டலாக் படிப்பது என் பல வருடப் பழக்கம். அங்கே இவற்றைச் சேகரிக்கிறவர்கள் ஏராளம். அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது எனக்கு கேஸ் ஷீட் படிக்கிற உணர்வுதான் வரும். இந்த மனிதர் என்ன கேட்டார்? ஏன் கேட்டார்? எதற்குப் பயந்தார்?

ஒரு சீட்டைப் பிரித்துப் பார்ப்போம்.

1885 ஜூலை 24. கன்சாஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டி. பேட் மாஸ்டர்சன் என்பவர் ஒரு மதுக்கடையின் லெட்டர்பேடில் கடிதம் எழுதுகிறார். முன்னாள் ஷெரிஃப், சூதாட்டப் பிரியர். கடிதம் போவது கோல்ட் கம்பெனிக்கு. (தங்கம் இல்லைங்க. சாமுவேல் கோல்ட் ஆரம்பித்த துப்பாக்கித் தொழிற்சாலை.)

அவர் கேட்டது இவ்வளவுதான். பாயிண்ட் 45 ரிவால்வர் ஒன்று. நிக்கல் முலாம். குழல் குட்டையாக இருக்கணும். முன் குறிமுனை வழக்கத்தை விடக் கொஞ்சம் உயரமாக, தடிமனாக இருக்கணும். விசை ரொம்ப லேசாக இருக்கணும்.

இப்போ டயக்னோசிஸ். இது என் வாசிப்புதான். குழல் குட்டை என்றால் உறையிலிருந்து சீக்கிரம் எடுக்கலாம். குறிமுனை தடிமன் என்றால் மங்கலான வெளிச்சத்திலும் கண்ணில் படும். விசை லேசு என்றால் இழுக்கும்போது கை ஆடாது. தூரத்தில் நிற்கும் எதிரியை நினைத்து எழுதிய சீட்டு இல்லை இது. ஒரு அறைக்குள், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆளை நினைத்து எழுதியது.

அடுத்த கேஸ். 1920கள். கோல்ட் கம்பெனியிலேயே வேலை பார்த்தவர் ஜான் ஹென்றி ஃபிட்ஸ்ஜெரால்ட். பெரிய உருவம், பெரிய கை. கம்பெனி ரிவால்வர்களை எடுத்து குழலை 2 அங்குலமாக வெட்டுவார். பாக்கெட் துணியில் மாட்டக் கூடாது என்று சுத்தியலின் கொம்பை அரத்தால் ராவி எடுத்துவிடுவார். கைப்பிடியின் அடியை உருட்டிவிடுவார். கடைசியாக, விசையைச் சுற்றிப் பாதுகாப்பாக இருக்கும் வளையத்தின் முன்பகுதியையே வெட்டி எடுத்துவிடுவார். விரல் தடையில்லாமல் நேரே விசைக்குப் போக வேண்டுமே!

இதைத்தான் சேகரிப்பாளர்கள் 'ஃபிட்ஸ் ஸ்பெஷல்' என்கிறார்கள். குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்டவை. அவர் இப்படிப்பட்ட இரண்டு பெரிய ரிவால்வர்களை பேன்ட் பாக்கெட்டுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு நடமாடியவர். 2 அங்குலக் குழலோடு 1927ல் கோல்ட் கம்பெனி விற்க ஆரம்பித்த 'டிடெக்டிவ் ஸ்பெஷல்' அதே வழியில் வந்த பிள்ளைதான். ஆனால் கம்பெனி அந்த வளையத்தை மட்டும் வெட்டவில்லை. கவனிச்சுக்கோங்க, இதுக்குத் திரும்ப வருவேன்.

மூன்றாவது, 1935. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி பாயிண்ட் 357 மேக்னம் ரிவால்வரைக் கொண்டுவருகிறது. அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்தில் தவித்த காலம். விலை 60 டாலர். ஆனால் ஒவ்வொன்றும் தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்த சட்டை மாதிரி. குழல் நீளத்தை 3½ முதல் 8¾ அங்குலம் வரை கால் அங்குலக் கணக்கில் தேர்ந்தெடுக்கலாம். குறிமுனை, கைப்பிடி எல்லாம் வாங்குகிறவர் விருப்பம். பதிவெண்ணும் சான்றிதழும் உண்டு. முதல் துப்பாக்கி எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவருக்குப் போனது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

நான் படித்த காலத்தில் எங்கள் சர்ஜரி பேராசிரியர் தனக்கென்று ஒரு நீடில் ஹோல்டர் வைத்திருந்தார். தன் விரலுக்கு ஏற்ற மாதிரி வளையத்தை வளைத்து, பூட்டைத் தேய்த்து லேசாக்கி வைத்திருப்பார். அவர் கையில் அது தானாகத் தைக்கும். நாங்கள் எடுத்தால் பூட்டு நழுவும், ஊசி கீழே விழும். குறை கருவியில் இல்லை. அது இன்னொரு கைக்கு எழுதிய மருந்து.

மாற்றிச் செய்த ரிவால்வரும் அதேதான். மாஸ்டர்சனின் லேசான விசை மாஸ்டர்சனின் விரலுக்கு. வளையம் இல்லாத அந்தத் துப்பாக்கி, தினமும் அதோடே வாழ்ந்த ஃபிட்ஸ்ஜெரால்டின் பழக்கத்துக்கு. எந்த மாற்றம் அவருக்கு அதைச் சிறந்ததாக்கியதோ, அதே மாற்றம்தான் அடுத்தவர் கையில் அதை ஆபத்தாக்குகிறது. பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை எடுத்துப் போடாதீங்க என்று நான் வருஷக்கணக்கா கத்துவதும் இதே காரணத்துக்குத்தான்.

இன்னொன்றும் தெரிஞ்சுக்கணும். மாஸ்டர்சன் கேட்டது 1873ல் வந்த 'சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி' மாடல். அதன் பழைய வடிவத்தில், சுத்தியல் முழுவதும் இறங்கி இருக்கும்போது அதன் முனை நேராகத் தோட்டாவின் மேலேயே உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்து சுத்தியலில் அடிபட்டால் வெடிக்கலாம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் 6 அறையில் 5ஐ மட்டும் நிரப்பி, காலி அறையைச் சுத்தியலுக்கு நேரே வைப்பார்கள். தாத்தாவுக்குத் தெரிந்த இந்த விதி, அலமாரியைத் திறக்கும் பேரனுக்குத் தெரியாது.

கேஷுவாலிட்டியில் நான் பார்த்த குண்டுக் காயங்கள் குறைவு. அதில் ஒன்று மறக்காது. பரம்பரைத் துப்பாக்கியைத் துடைக்க எடுத்திருக்கிறார்கள். காயம் பட்டவர் துடைத்தவர் இல்லை, எதிரே காபி குடித்துக்கொண்டிருந்த மைத்துனர். தொடை. உயிர் பிழைத்தார். "உள்ளே ஒண்ணும் இல்லைன்னுதான் டாக்டர் நினைச்சோம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்து, விலை. எது விலையைத் தீர்மானிக்கிறது? இரும்பா, செதுக்கு வேலையா, தந்தமா?

2021 ஆகஸ்டில் பான்ஹாம்ஸ் ஏலத்தில் ஒரு ரிவால்வர் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. செதுக்கலும் இல்லை, முலாமும் இல்லை. 1881ல் ஷெரிஃப் பேட் காரெட், பில்லி த கிட் என்பவரைச் சுட்டுக் கொன்ற துப்பாக்கி அது. விலை இரும்புக்கு இல்லை, அது யார் கையில் இருந்து யார் கைக்குப் போனது என்ற ஆதாரத்துக்கு. அதனால்தான் சேகரிப்பாளர்கள் கம்பெனியின் பழைய பேரேட்டிலிருந்து கடிதம் கேட்கிறார்கள். இந்த சீரியல் நம்பர் எந்தத் தேதியில், யாருக்கு, எப்படிப்பட்ட முலாமோடு, எத்தனை அங்குலக் குழலோடு போனது? கடிதத்தில் 7½ அங்குலம், கையில் இருப்பது 2 அங்குலம் என்றால், வெட்டியது யார் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். பதில் இல்லையென்றால் அது வெட்டுப்பட்ட பழைய துப்பாக்கி, அவ்வளவுதான்.

மாஸ்டர்சன் பற்றி ஒரு கதை உண்டு. நச்சரித்த ஒரு சேகரிப்பாளருக்காக அடகுக் கடையில் பழைய ரிவால்வர் வாங்கி, கைப்பிடியில் 22 வெட்டுக்குறி போட்டுக் கொடுத்தாராம். உண்மையோ பொய்யோ, பொருந்தும்படி இருக்கிறது. அவர் 1921ல் இறந்தது துப்பாக்கிச் சண்டையில் இல்லை. நியூயார்க் பத்திரிகை அலுவலகத்தில், தன் மேஜையில்.

ஆனால் எல்லா வெட்டுக்குறியும் கதை இல்லை. ஜெனரல் பேட்டனின் ரிவால்வரைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். 1916ல் எல் பாசோவில் வாங்கியது. உடம்பெல்லாம் செதுக்கு வேலை, யானைத் தந்தக் கைப்பிடி, அதில் அவர் பெயரின் முதலெழுத்துகள். அதே வருடம் மே 14 அன்று மெக்சிகோவில் ஒரு பண்ணையில் நடந்த சண்டையில் ஹூலியோ கார்தெனாஸ் உட்பட 3 பேர் செத்தார்கள். அவர்கள் உடல்களைக் காரின் மேல் கட்டிக்கொண்டு முகாமுக்குத் திரும்பினார்கள். தந்தத்தில் 2 வெட்டுக்குறி ஏறியது.

அந்தப் படத்தின் கீழே "என்ன அழகு!" என்று எழுதுகிறார்கள். அழகுதான். நானும் ரசிக்கிறேன். ஆனால் ஒரு வெட்டுக்குறி என்பது ஒரு டெத் சர்டிஃபிகேட். கார்தெனாஸ் என்ற பெயர் எழுதாத கேட்டலாக் எனக்கு முழுமையான கேட்டலாக் இல்லை.

நம்ம ஊரில் இதெல்லாம் சேகரிக்கலாமா என்று கேட்பீர்கள். 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் கட்டாயம். 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரணமாக ஒருவருக்கு அதிகபட்சம் 2 துப்பாக்கிதான். தாத்தா பெட்டியில் பழைய துப்பாக்கி கிடைத்தால், இணையத்தில் விலை தேடுவதற்கு முன் காவல் நிலையத்தில் தகவல் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் சேகரிக்கும் நம்மவர்களுக்கு, ஒரு டாக்டராக:

👉 எந்தத் துப்பாக்கியும் குண்டு நிரம்பியது என்றே நினையுங்கள். 100 வயதானாலும்.

👉 மாற்றிச் செய்ததைச் சுட்டுப் பார்க்காதீர்கள். அது உங்கள் கைக்குச் செய்தது இல்லை.

👉 பூட்டி வையுங்கள். வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு இருந்தால் வீட்டிலேயே வேண்டாம். இதில் பேரம் கிடையாது.

👉 பாலிஷ் போடாதீர்கள். தேய்ந்த முலாமும் அந்தத் துப்பாக்கியின் கேஸ் ஹிஸ்டரிதான்.

👉 காகிதங்களைப் பத்திரமாக வையுங்கள். எது எதற்காக மாற்றப்பட்டது என்று பிள்ளைகளுக்கு எழுதி வையுங்கள். விலைக்காக மட்டும் இல்லை, விரல் எங்கே போகக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிவதற்காகவும்.

நாளை வழக்கம்போல் சர்க்கரையோடு வருகிறேன்.